பித்து என்று சொன்னது யார்?

பண்டைய கிரேக்கர்கள் காதலை நோயாகவும் பித்தாகவுமே பார்த்தார்கள் என்றொரு பேச்சு நெடுங்காலமாக நிலைத்திருக்கிறது. அதற்குச் சான்று தேடி அலைய வேண்டியதில்லை. காதல் தெய்வம் ஈரோஸ் எய்யும் அம்பு, காதல் தேவி அஃப்ரோடைட்டியின் கோபம், உணவும் உறக்கமும் துறந்து படுக்கையில் விழுந்த அரசிகள், பெற்ற பிள்ளைகளைக் கொன்ற தாய் என்று அந்த இலக்கியத்தில் எங்கு திரும்பினாலும் கலங்கிய மனங்கள்தான். காதல் வந்தால் புத்தி போகும், புத்தி போனவர் தன் செயலுக்குப் பொறுப்பாக மாட்டார் என்று வாதிட விரும்புகிறவர்கள் கிரேக்கர்களை முதல் சாட்சியாக அழைப்பதும் வழக்கமாகிவிட்டது. இந்தச் சாட்சியத்தை நான் ஏற்கவில்லை. அந்த நாடகங்களையும் கவிதைகளையும் உரையாடல்களையும் ஒரு கேள்வியோடு மறுபடி படித்தால் வேறொன்று தெரிகிறது: எல்லாம் காதல் பித்து செய்த வேலை என்று அங்கே வாதாடுவது யார்? உள்ளுக்குள் நொறுங்கிக்கொண்டிருப்பவர் பெரும்பாலும் அப்படி வாதாடுவதில்லை. அந்த வாதத்தால் ஆதாயம் அடையப்போகிறவர்தான் வாதாடுகிறார்.

கி.மு. 431இல் ஏதென்ஸின் டயோனிசஸ் விழாவில் யூரிப்பிடிஸின் ‘மெடியா’ அரங்கேறியது. அந்த ஆண்டுப் போட்டியில் அதற்குக் கிடைத்தது மூன்றாவது இடம். கடைசி இடமும் அதுதான். கொல்கிஸ் நாட்டு இளவரசியான மெடியா, பொன் ஆட்டுத்தோலைத் தேடி வந்த ஜேசனுக்காகத் தந்தையை ஏமாற்றி, உடன்பிறந்தவனைக் கொன்று, ஊரும் உறவும் விட்டு வந்தவள். கொரிந்து நகரில் அவளைக் கைவிட்டு அந்நாட்டு அரசன் மகளை ஜேசன் மணந்துகொள்கிறான். அவனுக்காகத் தான் செய்ததை எல்லாம் அவள் ஒவ்வொன்றாகச் சொல்லி நியாயம் கேட்கிறாள். ஜேசனின் பதில்தான் கவனிக்க வேண்டியது. என்னைக் காப்பாற்றியது நீயல்ல, அஃப்ரோடைட்டி என்கிறான் அவன். ஈரோஸின் அம்பு தைத்த பிறகு உன்னால் வேறு எதுவும் செய்திருக்க முடியாது, ஆகவே நான் நன்றி சொல்ல வேண்டியது தெய்வத்துக்கு என்பது அவன் வாதம். காதல் ஒரு கட்டாயம் என்ற கருத்து இங்கே ஒரு பெண்ணின் துணிவையும் அறிவையும் தியாகத்தையும் ஒரே வீச்சில் செல்லாததாக்கப் பயன்படுகிறது. கடன் வாங்கியவனே கடன் கொடுத்தவளுக்குச் சுயபுத்தி இல்லை என்று சொல்லிப் பத்திரத்தைக் கிழிக்கிறான்.

மெடியா என்ன சொல்கிறாள்? பிள்ளைகளைக் கொல்வதற்கு முன் தனக்குத்தானே பேசிக்கொள்ளும் நீண்ட உரையில் அவள் பலமுறை மனம் மாறுகிறாள். கொல்லலாம், வேண்டாம், கூட்டிக்கொண்டு போய்விடலாம் என்று அலைபாய்கிறாள். கடைசியில், தான் செய்யப்போவது எவ்வளவு பெரிய தீமை என்று தனக்குத் தெரிவதாகவும், தன் ஆலோசனைகளைவிடத் தன் சினம் வலியது என்றும் ஒப்புக்கொள்கிறாள். ஈரோஸ் எய்தான், அஃப்ரோடைட்டி ஆட்டிவைத்தாள் என்ற பேச்சு அங்கே இல்லை. தெரிந்தே செய்கிறேன் என்று சொல்லிவிட்டுச் செய்கிறாள். பயங்கரமே அதில்தான் இருக்கிறது. பிற்காலத்தில் ஸ்டோயிக் தத்துவவாதி கிரிசிப்பஸும் மருத்துவர் கேலனும் இந்த வரிகளை எடுத்துவைத்துக்கொண்டு, அறிவுக்கும் உணர்ச்சிக்கும் உள்ள உறவு பற்றி எதிரெதிர் முடிவுகளுக்கு வந்தார்கள். புத்தி கெட்ட ஒருத்தியின் உளறலாக இருந்திருந்தால் அவர்கள் இதன்மேல் அவ்வளவு நேரம் செலவிட்டிருக்க மாட்டார்கள்.

இதே யூரிப்பிடிஸ் கி.மு. 415இல் ‘ட்ராய் நகரத்துப் பெண்கள்’ நாடகத்தில் இந்த வாதத்தை வெளிப்படையாகவே வழக்காடு மன்றத்தில் ஏற்றினார். ட்ராய் வீழ்ந்துவிட்டது. ஆண்கள் மாண்டார்கள், பெண்கள் அடிமைகளாகப் பங்கிடப்படுகிறார்கள். ட்ராய் இளவரசன் பாரிஸோடு போய்விட்ட ஹெலனைக் கொல்லப்போவதாகச் சொல்லி அவள் கணவன் மெனெலாஸ் வந்து நிற்கிறான். தன் தரப்பைச் சொல்ல அனுமதி கேட்கும் ஹெலன், பாரிஸோடு வந்தவள் அஃப்ரோடைட்டி, ஜீயஸே அவளுக்கு அடிமை, நான் எம்மாத்திரம் என்கிறாள். கணவனையும் பிள்ளைகளையும் நாட்டையும் இழந்து மண்ணில் கிடக்கும் முதிய அரசி ஹெக்யூபா அதற்கு எழுந்து பதில் சொல்கிறாள். என் மகன் அழகன். அவனைப் பார்த்ததும் உன் மனமே உனக்கு அஃப்ரோடைட்டி ஆகிவிட்டது. மனிதர்கள் தங்கள் மதிகேட்டுக்கெல்லாம் அந்தத் தேவியின் பெயரைத்தான் சூட்டுகிறார்கள் என்பது அவள் பதிலின் சாரம். காதல் பித்து என்ற தற்காப்பை இதைவிடத் துல்லியமாக உடைத்த பேச்சு உலக இலக்கியத்தில் அதிகம் இருக்காது. மெனெலாஸ் ஹெக்யூபா சொன்னதை ஏற்கிறான். ஆனால் ஹெலன் பிறகு ஸ்பார்ட்டாவில் அரசியாகவே வாழ்ந்தாள் என்பதை ‘ஒடிஸி’ வழியாக அறிந்த பார்வையாளர்கள்தான் அன்று அரங்கில் இருந்தார்கள். வாதத்தில் தோற்றவள் வாழ்வில் தோற்கவில்லை என்ற கசப்பையும் நாடகம் அவர்களிடமே விட்டுவிடுகிறது.

ஹெலனுக்காக வாதாடியவர்களில் புகழ்பெற்றவர் சிசிலித் தீவின் லியொன்டினி நகரைச் சேர்ந்த கோர்கியாஸ். தெய்வங்களின் விருப்பம், பலவந்தம், சொல்லின் வசியம், காதல் ஆகிய நான்கில் எது அவளைக் கொண்டுபோயிருந்தாலும் அவள் குற்றவாளி ஆக மாட்டாள் என்று அவர் நிறுவப் பார்த்தார். காதல் தெய்வமென்றால் மனிதர் எதிர்க்க முடியாது, மனித நோயென்றால் அது துரதிர்ஷ்டமே தவிரக் குற்றமில்லை என்றார். கிரேக்கர்கள் காதலரை மன்னித்தார்கள் என்பதற்கு இந்த உரையை எடுத்துக்காட்டுகிறவர்கள் அதன் கடைசிச் சொல்லையும் சேர்த்துப் படிக்க வேண்டும். தன் உரையை ஒரு விளையாட்டு என்று சொல்லித்தான் கோர்கியாஸ் முடிக்கிறார். இன்னொன்றும் உண்டு. ஹோமரின் ‘இலியட்’ மூன்றாம் காண்டத்தில் ட்ராயின் கோட்டை மதில்மேல் முதிய அரசன் பிரையம், உன்மேல் குற்றமில்லை, தெய்வங்கள்மேல்தான் என்று ஹெலனுக்கு ஆறுதல் சொல்கிறான். அந்த ஹெலன் அதைப் பற்றிக்கொள்வதில்லை. தன்னையே கடுஞ்சொல்லால் பழித்துக்கொள்கிறாள். அடுத்தவர் பெருந்தன்மையோடு நீட்டும் மன்னிப்பு வேறு, செய்தவரே தனக்கு எழுதிக்கொள்ளும் விடுதலைப் பத்திரம் வேறு என்ற பிரிவினை கிரேக்க இலக்கியத்தின் தொடக்கத்திலேயே இருக்கிறது.

கலங்கிய மனத்தை மிக நெருங்கிப் பார்த்த நாடகம் என்று நான் கருதுவது கி.மு. 428இல் முதல் பரிசு பெற்ற யூரிப்பிடிஸின் ‘ஹிப்போலிட்டஸ்’. தீசியஸின் மனைவி ஃபைட்ரா, கணவனுக்கு வேறொருத்தியிடம் பிறந்த மகன் ஹிப்போலிட்டஸ்மேல் ஆசை கொண்டுவிடுகிறாள். மூன்று நாளாக அவள் உணவைத் தொடவில்லை. இந்தச் செய்தி ஊர்ப் பெண்களுக்கு நீர்த்துறையில் துணி துவைத்துக்கொண்டிருந்த ஒருத்தி மூலம் வருகிறது. ஏதாவது தெய்வம் பிடித்திருக்குமா, புருஷன் வேறொருத்தியிடம் போகிறானா, பிறந்த வீடான கிரீட்டிலிருந்து கெட்ட சேதி வந்ததா, கருவுற்றவளின் தளர்ச்சியா என்று அவர்கள் ஆளுக்கொரு காரணம் யோசிக்கிறார்கள். எல்லாம் அக்கறையான யூகங்கள், எல்லாமே தவறு. படுக்கையோடு வெளியே கொண்டுவரப்படும் ஃபைட்ரா மலைக்குப் போக வேண்டும், வேட்டை நாய்களோடு ஓட வேண்டும் என்று பிதற்றுகிறாள். உடனே தெளிந்து, என்ன பேசிவிட்டேன் என்று வெட்கி முகத்தை மூடச் சொல்கிறாள். பிதற்றலும் அதைப் பார்த்துக் கூசும் தெளிவும் ஒரே காட்சியில், ஒரே மனத்துக்குள் நடக்கின்றன.

பிறகு அவள் பேசும் உரை நிதானமானது. எது நல்லது என்று மனிதர்களுக்குத் தெரிகிறது, அதைச் செய்து முடிப்பதில்தான் தவறுகிறார்கள் என்கிறாள். தன் காதலை அறிந்ததும் முதலில் மௌனத்தால் மறைக்கப் பார்த்ததையும், அடுத்து தன்னடக்கத்தால் வெல்லப் பார்த்ததையும், இரண்டும் பலிக்காதபோது சாவைத் தேர்ந்ததையும் வரிசையாகச் சொல்கிறாள். இதற்கு எதிராகத்தான் வளர்த்த தாதி வாயைத் திறக்கிறாள். ஜீயஸ் செமெலியை விரும்பவில்லையா, விடியல் தேவி கெஃபலஸைத் தூக்கிக்கொண்டு போகவில்லையா, தெய்வங்களே பணியும் காதலை எதிர்ப்பது ஆணவம் அல்லவா என்று கேட்கிறாள். அவள் கெட்டவள் இல்லை. தான் வளர்த்த பெண் பிழைக்க வேண்டும் என்ற பதற்றம் அவளுக்கு. ஆனாலும் காதல் வெல்ல முடியாதது என்ற தத்துவம் இங்கேயும் ஒரு காரியத்துக்காக, மறுக்கும் ஒருத்தியைச் சம்மதிக்க வைப்பதற்காக எடுத்து வீசப்படுகிறது. ரகசியம் ஹிப்போலிட்டஸின் காதுக்குப் போகிறது. ஃபைட்ரா தூக்கிலிட்டுக்கொள்கிறாள், அவன் தன்னைக் கெடுத்தான் என்று பொய்யாக எழுதிவைத்துவிட்டு. அந்தப் பொய்யையும் காதல் பித்தின் கணக்கில் எழுதிவிடுவது எளிது. நாடகம் அப்படி எழுதவில்லை. தன் பெயரும் பிள்ளைகளின் பெயரும் கெடக் கூடாது என்ற அச்சமும், அவன் இகழ்ச்சி தந்த காயமும் அவளை அங்கே கொண்டுபோகின்றன.

கி.மு. 441 வாக்கில் அரங்கேறிய சோஃபோக்ளிஸின் ‘அன்டிகனி’யிலும் இந்த வாதம் வேறு உருவில் வருகிறது. அன்டிகனிக்கு நிச்சயிக்கப்பட்டவனான ஹேமன், அவளுக்குச் சாவுத் தண்டனை விதித்த அரசனும் தன் தந்தையுமான கிரெயோனிடம், ஊர் அவளுக்காக அழுகிறது, ஒரே ஆளுக்குச் சொந்தமான நகரம் நகரமே ஆகாது என்று அரசியல் பேசுகிறான். கிரெயோன் அவனைப் பெண்ணுக்கு அடிமை என்கிறான். அவன் வெளியேறியதும் முதியோர் குழு, நல்லவர் மனத்தையும் கோணலாக்கும் ஈரோஸைப் பற்றி அழகான பாடல் ஒன்று பாடுகிறது. ஹேமன் காதலித்தான் என்பது உண்மை; அவள் உடலருகே தன் உயிரையும் விட்டான். ஆனால் அவன் முன்வைத்த நியாயம் காதலால் பொய்யாகிவிடவில்லை. காதல் பேசுகிறது என்று ஒதுக்கிவிட்டால் அந்த நியாயத்துக்குப் பதில் சொல்லும் வேலை மிச்சம். கிரெயோனுக்கு அது வசதி.

இங்கே ஒரு மறுப்பு எழும். பிளேட்டோவே காதலைப் பித்து என்று சொல்லிப் புகழவில்லையா? புகழ்ந்தார். ‘ஃபைட்ரஸ்’ உரையாடலில் தீர்க்கதரிசனம், சடங்கு, கவிதை, காதல் என்று தெய்வம் தரும் நான்கு வகைப் பித்துகளைச் சாக்ரடீஸ் அடுக்குகிறார். ஆனால் அந்தப் புகழுரைக்கு முன்னால் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும். பேச்சுக்கலைஞர் லிசியாஸ் எழுதிய உரை ஒன்று வாசிக்கப்படுகிறது. காதலர்கள் நோயாளிகள், தங்களை அடக்க முடியாதவர்கள், ஆகவே காதலிக்காத என்னிடம் இணங்கு என்று ஒரு இளைஞனை அது அழைக்கிறது. சாக்ரடீஸ் அதே போக்கில் முகத்தை மூடிக்கொண்டு ஓர் உரை நிகழ்த்துகிறார்; அதைப் பேசுபவன் உண்மையில் காதலன், காதல் இல்லை என்று நடிக்கும் தந்திரக்காரன் என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறார். காதலை நோயாக்கும் பேச்சு வசப்படுத்தும் தந்திரமாகவும் இருக்கலாம் என்பதை பிளேட்டோ இப்படிக் காட்டுகிறார். பிறகு முகத்திரையை நீக்கி அவர் புகழும் பித்தில்கூட தேரோட்டி உண்டு. கறுப்புக் குதிரை அன்புக்குரியவன்மேல் பாயப் போகும்போது அவன் கடிவாளத்தை இழுக்கிறான், குதிரையின் நாக்கிலும் தாடையிலும் ரத்தம் வரும் அளவுக்கு. அந்த உரையில் புகழப்படும் காதலன், தான் நேசிப்பவர் முன் அச்சத்தோடும் மரியாதையோடும் நிற்பவன். அடுத்தவர்மேல் பாய்வதற்கு அங்கே யாரும் உரிமம் எழுதித் தரவில்லை.

கலங்கியவர் தாமே பேசும்போது என்ன கேட்கிறது என்பதற்கு முதல் சாட்சி லெஸ்பாஸ் தீவின் சாஃபோ. கி.மு. 600ஐ ஒட்டி வாழ்ந்தவர். தான் விரும்பும் பெண் வேறொருவன் எதிரே சிரித்துப் பேசுவதைப் பார்க்கும் அந்தக் கவிதையில் நாக்கு செயலிழக்கிறது, தோலுக்கடியில் நெருப்பு ஓடுகிறது, கண் இருள்கிறது, காது இரைகிறது, வியர்வை, நடுக்கம், வெளிறல், சாவின் விளிம்பு என்று ஒவ்வொன்றாக வருகிறது. நாக்கு செயலிழந்ததை இவ்வளவு கச்சிதமான யாப்பில் சொல்ல ஒரு தெளிந்த மனம் வேண்டும். இந்தக் கவிதை நமக்குக் கிடைத்ததே ஒரு விமர்சகரால்தான். லாஞ்சைனஸ் என்ற பெயரால் வழங்கும் ஆசிரியர், உன்னதம் பற்றிய தம் நூலில் இதை மேற்கோளாகத் தந்தார். உயிர், உடல், செவி, நா, கண், நிறம் எல்லாம் தனக்கு அந்நியமாகிச் சிதறியதுபோல் அவள் தேடித் திரட்டுகிறாள் என்று வியந்தார். கவிதை நான்கு பத்திகளுக்குப் பின் அறுந்து நிற்கிறது. மிஞ்சியுள்ள அந்தக் கடைசித் துணுக்கு தாங்கிக்கொள்வதன் பக்கம் திரும்புகிறது என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது.

முந்நூறு ஆண்டுகள் கழித்து, அலெக்சாந்திரியாவில் மருத்துவர்கள் நரம்புகளை ஆராய்ந்துகொண்டிருந்த கி.மு. மூன்றாம் நூற்றாண்டில், அப்பொலோனியஸ் தம் ‘ஆர்கோனாட்டிகா’வில் இளம் மெடியாவின் ஓர் இரவை எழுதினார். ஊர் உறங்குகிறது. பாத்திரத்தில் ஊற்றிய நீரிலிருந்து தெறிக்கும் வெயில் சுவரில் துள்ளுவதுபோல் அவள் மனம் துள்ளுகிறது. பிடரியின் அடிவரை வலி இறங்குகிறது. உதவுவேன், மாட்டேன், சாவேன் என்று தனக்குள் வாதிடுகிறாள். செத்த பிறகும் கொல்கிஸ் பெண்கள் என்ன பேசுவார்கள் என்றுகூட எண்ணிப் பார்க்கிறாள். நஞ்சுகள் இருக்கும் பெட்டியை மடியில் வைத்துத் திறக்கப் போகும்போது உயிரோடிருப்பதன் இன்பங்கள், தோழிகள், சூரிய வெளிச்சம் நினைவுக்கு வருகின்றன, பெட்டியை வைத்துவிடுகிறாள். நாள்தோறும் மனநல உதவி எண்களில் அழைப்பை ஏற்பவர்களுக்கு இந்த ஊசலாட்டம் பழக்கமானதாகவே இருக்கும். அந்த இரவில் அவள் ஒரு நொடியும் யோசிக்காமல் இல்லை.

தெய்வங்கள்தான் எல்லாவற்றையும் நடத்துகின்றன என்று நாடகங்களே சொல்லும்போது பொறுப்பு எங்கே மிச்சமிருக்கிறது என்று கேட்கலாம். கிரேக்கர்களிடம் இதற்குத் தெளிவான நடைமுறை இருந்தது. ‘இலியட்’டில் அகமெம்னான், அகிலீஸிடமிருந்து பெண்ணைப் பறித்தபோது தன் மதியை மயக்கியவர்கள் ஜீயஸும் விதியும் பழிதேவதையும் என்கிறான். அதே மூச்சில், தன் மதியை மயக்கியது அவர்கள் என்பதாலேயே தான் நஷ்டஈடு கொடுக்கச் சித்தமாக இருப்பதாகவும் சொல்கிறான். 1951இல் வெளிவந்த புகழ்பெற்ற நூலில் இ. ஆர். டாட்ஸ் தம் ஆராய்ச்சியை இந்தக் காட்சியிலிருந்தே தொடங்கினார். ‘ஹிப்போலிட்டஸ்’ முடிவிலும் அஃப்ரோடைட்டிதான் காரணம் என்று வேட்டைத் தெய்வமான ஆர்டெமிஸ் தெளிவாகச் சொல்கிறாள். சொல்லிவிட்டு, சாட்சியம் தேடாமல், குறி கேட்காமல், காலம் கொடுக்காமல், ஃபைட்ராவின் பொய்யை நம்பி மகனைச் சபித்தது உன் குற்றம் என்று தீசியஸை இடித்துரைக்கிறாள். தெய்வம் காரணமாக இருந்தாலும் கணக்குத் தீர்க்க வேண்டியவன் மனிதன்.

இன்னொரு மறுப்பு கனமானது. சாஃபோவை விட்டால் இந்தப் பெண்களை எல்லாம் எழுதியவர்கள் ஆண்கள். மேடையில் முகமூடி அணிந்து நடித்தவர்களும் ஆண்கள். ஆசையால் நிலைகுலைபவள் பெண் என்ற ஆண்களின் அச்சம் இந்த நாடகங்களில் கலந்திருக்கிறது என்பதை நான் மறுக்கவில்லை. எகிப்தில் கிடைத்த கிரேக்க மந்திரச் சுவடிகள் இந்த அச்சத்தின் மறுபக்கத்தைக் காட்டுகின்றன. விரும்பிய பெண் என்னிடம் வரும்வரை அவளுக்கு உறக்கம் வேண்டாம், உணவு வேண்டாம், அவள் எரியட்டும் என்று ஆண்கள் கூலி கொடுத்து எழுதி வாங்கிய வசியங்கள் அவை. காதல் நோயின் அறிகுறிப் பட்டியல் அங்கே ஓர் ஆயுதம். இதே காரணத்தால்தான் அரங்கில் ஃபைட்ராவுக்கும் மெடியாவுக்கும் யூரிப்பிடிஸ் கொடுத்த தெளிவு பெரிதாகத் தெரிகிறது. தம் காலத்து ஆண்களின் முன்முடிவுகளோடு எழுத வந்த ஒருவர், சிந்திக்கும் பெண்களை எழுதிவிட்டுப் போனார்.

மறுத்த பெண்ணைத் தாக்கியவனின் செய்திக்கு இன்றும் காதல் வெறி என்று தலைப்பிடுகிறோம். அது ஹெலனின் வாதம். ஹெக்யூபாவின் பதில் செய்திக்குள் வருவதில்லை. குற்றம் என்பதற்குப் பதிலாக நோய் என்று சொன்னால் கருணையாக இருக்குமே என்பவர்களுக்கு, புளூடார்க் எழுதிய ஒரு வரலாற்றைச் சொல்ல வேண்டும். அரசன் செல்யூகஸின் மகன் அந்தியோகஸ், தந்தையின் இளம் மனைவி ஸ்ட்ரட்டோனிஸை விரும்பினான். அது தகாது என்று தன்னையே கடிந்துகொண்டு, நோயாளிபோல் நடித்துப் பட்டினியால் சாக முனைந்தான். மருத்துவர் எராசிஸ்ட்ரேட்டஸ் அவன் அறையில் அமர்ந்து வருவோர் போவோரைக் கவனித்தார். ஸ்ட்ரட்டோனிஸ் வரும்போது மட்டும் குரல் தடைபடுவதும் முகம் சிவப்பதும் வியர்ப்பதுமாக, சாஃபோ சொன்ன அறிகுறிகள் எல்லாம் தோன்றின என்று புளூடார்க் பெயர் சொல்லியே எழுதுகிறார். காதல்தான் நோய் என்று முடிவானதும் அவள் மருந்தானாள். செல்யூகஸ் மக்களைக் கூட்டி அந்தியோகஸை மேற்பகுதி நாடுகளுக்கு அரசனாகவும் ஸ்ட்ரட்டோனிஸை அரசியாகவும் அறிவித்து, இருவருக்கும் மணம் முடிக்கப்போவதாகச் சொன்னான். மகன் மறுக்க மாட்டான் என்று நம்பினான். மனைவி தயங்கினால், அரசனுக்கு நல்லதாகப் படுவதே நியாயம் என்று அவளுக்கு எடுத்துச் சொல்லும்படி நண்பர்களைக் கேட்டுக்கொண்டான். அவள் என்ன சொன்னாள் என்று புளூடார்க் ஒரு வரியும் எழுதவில்லை.